ஞாயிற்றுக்கிழமைப் புல்

“ஞாயித்துக்கிழமைகூட புல்லு வளருமாப்பா?”

ஆறு வயதில் மெய்ரியன் ப்யூ கேட்ட கேள்வி இது. ஆலயத்துக்குப் போகிற வழியில், தகப்பனின் கையைப் பிடித்து நடந்துகொண்டே கேட்டான். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. வேல்ஸ் நாட்டுச் சுரங்க ஊரான ரோஸ்கெலினில் ஓய்வுநாள் என்றால் எல்லாமே ஓயும். சுரங்கத்தின் பெரிய சக்கரம் சுற்றாது. கடைக்கதவு திறக்காது. உருளைக்கிழங்கைக்கூட அம்மா சனிக்கிழமையே தோல் சீவித் தண்ணீரில் போட்டு வைத்துவிடுவாள். துணி உலர்த்தக் கூடாது, கத்தரிக்கோலை எடுக்கக் கூடாது, பந்தை விரலால்கூடத் தொடக் கூடாது. இவ்வளவு பேருக்கும் இல்லாத சலுகை புல்லுக்கு மட்டும் எப்படி?

தகப்பன் ஆலயத்தின் மூப்பர்களில் ஒருவர். நெஞ்சில் நிலக்கரித் தூசு ஏறிய மனிதர். மேட்டில் நாலு எட்டு வைத்தால் ஒருமுறை நிற்க வேண்டும். அப்படி நின்ற இடத்தில் யோசித்துவிட்டுச் சொன்னார்: “வளரும்டா. ஆனா சத்தம் போடாம வளரும்.”

அந்த வருஷமே ஒரு ஞாயிறு காலை, பக்கத்து வீட்டு விதவையின் ஆடு ஓடையில் விழுந்துவிட்டது. தகப்பன் கோட்டைக் கழற்றி மெய்ரியனிடம் கொடுத்துவிட்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார். ஆட்டைக் கரையேற்றிவிட்டு அப்படியே ஆலயத்துக்கு வந்து, பிரசங்க மேடைக்குக் கீழே மூப்பர்களுக்கென்று போட்டிருக்கும் நீளப் பலகையில் உட்கார்ந்தார். பிரசங்கம் முடிகிறவரை அவர் கால்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்றைய பிரசங்கம் மெய்ரியனுக்கு மறந்துபோயிற்று. பளபளப்பான தரையில் தேங்கிய அந்தக் குட்டிக் குளம் மட்டும் மறக்கவில்லை.

அவனுக்குப் பதினைந்து நடக்கும்போது தகப்பன் போய்விட்டார். பதினெட்டில், ரோஸ்கெலின் டவுன் கால்பந்து அணியின் மேனேஜர் ஹாஸ்லம், ஒப்பந்தத் தாளோடு வீட்டுக்கு வந்தார். அவர் இங்கிலாந்துக்காரர். உலர்திராட்சை போட்ட ரொட்டியில் அம்மா வெண்ணெய் தடவிக் கொடுத்தாள். மூன்று துண்டு சாப்பிட்டார். அம்மா தாளை இரண்டு தடவை படித்தாள்.

“எனக்கு ஒரே ஒரு நிபந்தனை சார். என் மகன் ஞாயித்துக்கிழமை ஆடமாட்டான்.”

ஹாஸ்லம் வாய்விட்டுச் சிரித்தார். “அம்மா, இந்த நாட்டுல ஞாயித்துக்கிழமை யாரு ஆட்டம் வைக்கிறாங்க? இதெல்லாம் ஒரு நிபந்தனையா? போட்டுக்குங்க.”

மெய்ரியனும் வாக்குக் கொடுத்தான். நடக்கவே போகாத ஒன்றுக்கு வாக்குக் கொடுப்பதில் என்ன சிரமம்?

அவன் நடுக்கள ஆட்டக்காரன். தடுப்பவர்களிடமிருந்து பந்தை வாங்குவான், முன்னால் ஓடுகிறவனின் காலில் வைப்பான். கோல் போட்டவன் பெயர் பத்திரிகையில் வரும், தடுத்தவன் பெயரும் வரும். இடையில் பந்தை வாங்கிக் கொடுத்தவன் பெயர் எப்போதாவதுதான் வரும். சுரங்கத்தில் வேலை பார்த்த அவன் அண்ணன் ஆர்வெல் கிண்டல் செய்வான்: “நீ ஆட்டக்காரன் இல்லடா, தபால்காரன். வர்றத வாங்கிப் போற இடத்துல போடுற.”

அந்த இடத்தில் அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் ஆடியவர் செல்வின் ஹாப்கின். சுரங்கத்திலிருந்து மேலே வந்தவர். கல்யாணத்துக்கும் சாவுக்கும் தவிர ஆலயப் படி ஏறாதவர். இடது முழங்கால் தேய்ந்துகொண்டிருந்தது. மெய்ரியன் அவர் இடத்தைப் பிடித்த வாரம், உடை மாற்றும் அறையில் வெந்நீர்க் குழாயை ஒட்டியிருந்த தன் ஆணியிலிருந்து கோட்டை எடுத்துவிட்டு அவனைக் கூப்பிட்டார்.

“இடத்த எடுத்துக்கிட்ட. ஆணிய மட்டும் எதுக்கு விட்டுவைக்கிற? இதுல மாட்டு. குளிர்ல சட்டை சூடா இருக்கும்.”

“வேண்டாம் செல்வின், உங்க ஆணி அது.”

“மாட்டுடான்னா! எனக்குத்தான் இனிமே சட்டையே நனையப் போறதில்லயே.”

1974 ஜனவரியில் அந்த நடக்கவே போகாத காரியம் நடந்தது. சுரங்கத் தொழிலாளர்கள் கூடுதல் நேர வேலை செய்வதில்லை என்று நின்றார்கள். நிலக்கரி குறைந்தது, மின்சாரம் குறைந்தது. தொழிற்சாலைகள் வாரத்துக்கு மூன்று நாள்தான் ஓடின. மைதான விளக்குகளுக்குத் தடை வந்தது. கோப்பை ஆட்டங்களில் சிலவற்றை ஞாயிறு மத்தியானத்தில் நடத்திக்கொள்ளலாம் என்று முதன்முறையாக அனுமதி கொடுத்தார்கள். ரோஸ்கெலின் ஆட்டமும் அதில் ஒன்று.

“எங்களாலதான் உனக்கு இந்தச் சோதனை,” என்றான் ஆர்வெல், மெழுகுவத்தி வெளிச்சத்தில் சூப் குடித்துக்கொண்டு. “சங்கத்துல சொல்லி உனக்காக ஒரு வண்டி கரி வெட்டித் தரச் சொல்லட்டுமா?”

ஊர் முழுக்க இதே பேச்சு. ஞாயிற்றுக்கிழமை அனுமதிச்சீட்டு விற்கச் சட்டத்தில் இடமில்லை. அதனால் ஆட்டம் இலவசம், ஆனால் வாசலில் ஆட்டக்காரர் பெயர் அச்சடித்த தாளைக் காசு கொடுத்து வாங்காமல் உள்ளே போக முடியாது என்று ஏற்பாடு. “சாத்தானுக்கு எப்பவும் நல்ல வக்கீல் கிடைச்சிடுறான்,” என்றார் ஆலயத்தில் ஒரு மூப்பர். போதகரே சிரித்துவிட்டார்.

மெய்ரியனுக்குச் சிரிப்பு வரவில்லை. வேல்ஸ் நாட்டு அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கிறவர் ஒருவர் அந்த ஆட்டத்துக்கு, அவனைப் பார்ப்பதற்காகவே வருகிறார் என்று தகவல். அவனுக்கு வயது இருபத்திரண்டு. ஹாஸ்லம் அறிவிப்புப் பலகையில் தாளைக் குத்திவிட்டுப் பொதுவாகச் சொன்னார், ஆனால் அவனைப் பார்த்துச் சொன்னார்: “தாள்ல என்ன எழுதியிருந்தாலும் சரி, ஞாயித்துக்கிழமை வராதவன் அடுத்த சனிக்கிழமையும் வர வேண்டாம்.”

அம்மாவிடம் போய் நின்றான். அவள் சாம்பல் அள்ளிக்கொண்டிருந்தாள்.

“நான் ஒண்ணும் சொல்லமாட்டேன், மெய்ரியன் பாக்,” என்றாள். பாக் என்றால் அந்த ஊரில் கண்ணு, செல்லம் என்பது மாதிரி. “நீ வாக்குக் குடுத்தது எனக்கில்ல. நான் பக்கத்துல நின்ன சாட்சி, அவ்வளவுதான்.”

திட்டியிருந்தாலாவது எதிர்த்துப் பேசியிருக்கலாம்.

வியாழக்கிழமை பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு, காலணி அறையில் மண்ணைச் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செல்வின் எதிரில் வந்து முழங்காலை நீட்டி உட்கார்ந்தார்.

“என்னடா, ஒரே காலணிய அரை மணி நேரமாச் சுரண்டுற? தோலே போயிடும்.”

“நான் என்ன செய்யணும் செல்வின்?”

“என்னைக் கேக்குறியா? நான் கடைசியா ஜெபம் பண்ணினது மாமியாருக்கு ரயில் கிடைக்கணும்னுதான்.” சிறிது நேரம் முழங்காலைத் தேய்த்தார். “அம்மா என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல.”

“அடக் கடவுளே. அது ரொம்பக் கனமாச்சே.”

“ஆடிடலாம்னுகூடத் தோணுது,” என்றான் மெய்ரியன், மெதுவாக. “ஒரே ஒரு தடவை. அதுக்கப்புறம் யாரு கேக்கப் போறா?”

செல்வின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். போகும்போது அவன் தலையில் லேசாக ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, பயிற்சி ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருந்தது. மெய்ரியன் பந்தை வாங்கித் திரும்பினான். பந்து ஏற்கெனவே அவன் காலை விட்டுப் போயிருந்தது. அதன் பிறகுதான் செல்வினின் கால் வந்தது. வலது கணுக்காலின் வெளிப்பக்கம், குறி வைத்த மாதிரி. மெய்ரியன் குளிர்ந்த சேற்றில் உருண்டான். வலி உச்சந்தலைவரை ஏறியது.

“பந்து எங்க இருக்கு, உங்க கால் எங்க இருக்கு!” என்று கத்தினான். “என் எடம் வேணும்னா கேட்டிருக்கலாமே! இப்படியா எடுப்பீங்க?”

செல்வின் இரண்டு கைகளையும் விரித்தார். “வயசாச்சு தம்பி. காலு லேட்டா வருது.”

காயம் பார்க்கிற வில், வாளியும் ஸ்பாஞ்சுமாக ஓடிவந்தார். எல்லாக் காயத்துக்கும் அவரிடம் ஒரே மருந்து, ஐஸ் தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்ச். அதனால் ஊரில் அவர் பெயரே வில் ஸ்பாஞ்ச். அன்று அவர் மெய்ரியனின் முகத்தையே பார்க்கவில்லை. கணுக்கால் கண்ணெதிரே ஆப்பிள் மாதிரி உப்பியது. ஹாஸ்லம் வந்து பார்த்தார், வானத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை சொன்னார், அப்புறம் திரும்பி, “செல்வின், ஞாயித்துக்கிழமை நீதான்,” என்றார்.

ஞாயிறு மத்தியானம் மெய்ரியன் ஓய்வுநாள் பள்ளியில், எதிர்ப் பெஞ்சில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மைதானம் அரை மைல் தூரம். வசனம் வாசித்துக்கொண்டிருக்கும்போதே கூரைகளுக்கு மேலாக ஒரு பெரிய இரைச்சல் வந்தது. ரோஸ்கெலின் கோல் போட்டுவிட்டது. எல்லோரும் தலையைத் தூக்கினார்கள், எல்லோரும் கீழே போட்டுக்கொண்டார்கள். பிறகு நெடுநேரம் கழித்து இன்னொன்று வந்தது. அதைச் சத்தம் என்று சொல்ல முடியாது. இருந்த சத்தமெல்லாம் சட்டென்று நின்றுபோனது.

சாயங்காலம் ஆர்வெல் வந்து சொன்னான். இரண்டுக்கு ஒன்று, தோல்வி. எழுபதாவது நிமிஷத்தில் செல்வினின் முழங்கால் திருகிக்கொண்டுவிட்டது. தூக்கிக்கொண்டு போனார்களாம். இனி ஆடமாட்டார்.

‘போகட்டும்’ என்று மெய்ரியனின் மனசுக்குள் ஒரு குரல் சொன்னது. தனக்குள்ளிருந்துதான் அது வந்தது என்று தெரிந்ததும் அவனுக்கே கூசியது. ஆனால் அவன் அதை வெளியே தள்ளவில்லை. தூசு மாதிரி அது நெஞ்சிலேயே தங்கிவிட்டது.

கணுக்கால் பத்து நாளில் சரியாயிற்று. வாக்கை முறிக்கவும் இல்லை, மேனேஜரை எதிர்க்கவும் இல்லை. தேர்வாளர் மார்ச்சில் மறுபடி வந்து பார்த்தார். வேல்ஸுக்காகப் பத்தொன்பது ஆட்டம் ஆடினான். நாட்டுக்காக ஆடினவர்களுக்குக் கொடுக்கும் குஞ்சம் வைத்த தொப்பியை அம்மா தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே வைத்தாள். நடுவில் ஆறு வருஷம் பர்மிங்ஹாம் பக்கத்தில் ஒரு பெரிய அணி. அங்கே தேநீரில் ருசி இல்லை, மழையிலும் ருசி இல்லை என்று திரும்பி வந்தான். மொத்தம் ஐந்நூற்றுப் பன்னிரண்டு ஆட்டம், இருபத்து மூன்று கோல். பிறகு வந்த வருஷங்களில் ஞாயிறு ஆட்டம் சகஜமாகிவிட்டது. அவன் பதினொரு ஆட்டத்தை விட்டான். நாட்டுக்கு ஆடியவன் என்பதால் இப்போது மேனேஜர்கள் முணுமுணுத்தாலும் விட்டுக்கொடுத்தார்கள். ‘சனிக்கிழமை மெய்ரியன்’ என்று பெயரே வந்துவிட்டது. எதிரணி ரசிகர்கள் அதை ராகம் போட்டுப் பாடினார்கள். அவனுக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

முழங்கால் போன செல்வினை ரோஸ்கெலின் டவுன் மைதானத்தைப் பார்த்துக்கொள்ள வைத்துக்கொண்டது. புல் வெட்டுவது, மிதிபட்ட குழிகளை மூடுவது, சுண்ணாம்புக் கோடு போடுவது. மெய்ரியன் திரும்பி வந்த பிறகு தினமும் அவரைக் கடந்து போக வேண்டியிருந்தது. வணக்கம் சொல்வான். அவர் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைச் சிரித்துக்கொண்டே கேட்பார்: “கணுக்கால் எப்படி?”

குத்திக் காட்டுகிறார் என்று நினைத்து, “இருக்கு” என்று சொல்லிவிட்டு மெய்ரியன் நடையைக் கட்டுவான்.

1988 மே மாதம் கடைசி ஆட்டம் ஆடினான். வெந்நீர்க் குழாய்ப் பக்கத்து ஆணியிலிருந்து கோட்டை எடுத்தபோது, வில் ஸ்பாஞ்ச் மூலையில் உட்கார்ந்து கட்டுத்துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் அன்றுதான் கடைசி நாள், எழுபத்திரண்டு வயது.

“அந்த ஆணிய உனக்குக் குடுத்தது யாருன்னு ஞாபகம் இருக்கா?” என்றார்.

“இருக்கு. என் கணுக்கால உடைக்கப் பாத்தவரும் அவர்தான்.”

வில் சுருட்டுவதை நிறுத்தினார். “இன்னுமா உனக்குத் தெரியாது? அட முட்டாளே! பதினாலு வருஷமாச்சு, அவனே எப்பவாவது வாய விட்டிருப்பான்னுல்ல நெனச்சேன்.”

“எத வாய விட்டிருப்பார்?”

“அந்த வியாழக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தான். பதினாறு வருஷம் ஆடினவன், ஒருத்தன் தோலக்கூடக் கிழிச்சதில்ல. வந்து உக்காந்து கேக்குறான்: ‘வில், எங்க அடிபட்டா நல்லா வீங்கும், சீக்கிரமாவும் ஆறும்?’ உனக்குப் பைத்தியமான்னு கேட்டேன். அதுக்குச் சொன்னான், ‘அந்தப் பையன் ஆடினா அம்மா முகத்தப் பாக்க முடியாது. ஆடலன்னா பாஸ் முகத்தப் பாக்க முடியாது. நடுவுல ஒரு கணுக்கால் வீங்கினாத்தான் வழி.’ அப்பறம் நான்தான் இடத்தக் காட்டினேன், என் கால்லயே தொட்டு. அதுல எனக்கும் பங்கு உண்டு, மன்னிச்சுக்க.”

“ஆனா முழங்கால்... அவர் ஆடக் கூடாதுன்னு டாக்டர்...”

“சொல்லியிருந்தாரு. பாஸ்கிட்ட வேற யாரும் இருந்தாங்களா? அதுவும் தெரிஞ்சுதான்டா உன் கால மிதிச்சான்.”

மெய்ரியன் பெஞ்சில் உட்கார்ந்தான். கோட்டின் ஒரு கை மட்டும் மாட்டியிருந்தது. இத்தனை வருஷமாக, வாக்கைக் காப்பாற்றினவன் என்று ஊர் அவனைச் சொல்லிக்கொண்டிருந்தது. அவனும் நம்பிக்கொண்டிருந்தான். அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, கேட்டிருந்தால், அவன் என்ன சொல்லியிருப்பான்? ஆடிடலாம்னுகூடத் தோணுது என்று சொன்ன வாய் அது. அன்றைக்கு வாக்கு முறிந்திருந்தால் மற்ற பதினொன்றும் எங்கே நின்றிருக்கும்? அந்தக் கேள்விக்கு முன்னால் அவனை நிறுத்தாமலே ஒரு மனிதர் காலை நீட்டியிருக்கிறார். தன் முழங்காலை அதற்குக் கொடுத்திருக்கிறார். அவன் அதற்குப் பதிலாக வைத்திருந்தது, ‘போகட்டும்.’

வெளியே செல்வின், ஆட்டத்தில் பெயர்ந்த புல் திட்டுகளைத் தடியால் அழுத்திக்கொண்டிருந்தார்.

“கணுக்கால் எப்படி?” என்றார்.

“வில் எல்லாம் சொல்லிட்டார்.”

“அவனுக்கு ஸ்பாஞ்சு மூளைக்குள்ள போயி வருஷமாச்சு.”

“செல்வின், நான் அன்னிக்கு உங்கள...”

“இதோ பாரு. நீ பந்த வாங்கித் திரும்ப அரை நாள் எடுத்துக்குவ. எவனாயிருந்தாலும் மிதிச்சிருப்பான். தள்ளு, நீ நிக்கிறது நேத்து விதச்ச புல்லு.”

மெய்ரியன் தள்ளி நின்றான். நன்றி சொல்ல வாயைத் திறந்தான். செல்வின் ஏற்கெனவே முதுகைத் திருப்பி நொண்டி நொண்டி அடுத்த திட்டுக்குப் போய்விட்டார்.

ஆர்வெலின் வாக்கு பலித்தது. ஆட்டத்தை விட்ட பின் மெய்ரியன் நிஜமாகவே தபால்காரனானான். ஆலயத்தில் அவனை மூப்பராகவும் தேர்ந்தெடுத்தார்கள், தகப்பன் உட்கார்ந்த அதே பலகையில். செல்வினுக்கு என்ன செய்யலாம் என்று இரண்டு வருஷம் யோசித்தான். எதைக் கொண்டுபோனாலும் அவர் கேலி செய்து திருப்பி அனுப்பினார். கிறிஸ்துமஸுக்கு வாத்து கொண்டுபோனபோது, “இது என்னைவிட நொண்டுதே,” என்றார்.

1990 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, மழையில் நனைந்தபடி கடிதம் கொடுக்கப் போனான். செல்வினின் மனைவி நெஸ்டா கதவைத் திறந்தாள். முகம் சரியில்லை.

“முழங்கால் பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடக்கு மெய்ரியன். ரெண்டு வாரம் தரையில காலே வைக்கக் கூடாதுன்னுட்டார் டாக்டர்.”

“வைக்க வேண்டாமே.”

“நாளைக்குக் காலைல பத்தரைக்குப் பள்ளிக்கூடப் பொண்ணுங்க ஆட்டம். இந்த மழையில ஒரு கோடு மிச்சமில்ல. அணிக்குப் புதுசா வந்த செயலாளர் சொல்லிட்டாராம், நாளைக்கு மைதானம் தயாரா இல்லன்னா திங்கட்கிழமைலேருந்து வேற ஆளு, மெஷினோட. இவர் தவழ்ந்தாவது போவார். எட்டு மணிக்கு எழுப்பி விடுன்னு சொல்லியிருக்கார்.” குரலைத் தாழ்த்தினாள். “அந்த மைதானம் போச்சுன்னா மனுஷன் ஒரு மாசம் தாங்கமாட்டார்.”

உள்ளேயிருந்து சத்தம் வந்தது: “யாரு, தபாலா? கணுக்கால் எப்படின்னு கேளு!”

அன்று முழுக்க மழை விடவில்லை. இந்த மழையில் போட்டால் சுண்ணாம்பு நிற்காது. மழை இரவில் விடும் என்று வானொலி சொன்னது. போடுவதானால் ஞாயிறு விடிந்த பிறகுதான். வேறு யாரையாவது அனுப்பினால், செல்வினால் முடியவில்லை என்ற செய்தி மத்தியானத்துக்குள் செயலாளர் காதுக்குப் போய்விடும்.

மெய்ரியன் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து யோசித்தான். வாக்கு கொடுத்தது ஆட்டத்துக்குத்தான், வேலைக்கு இல்லை என்று தனக்குச் சாதகமாக வாதாடிப் பார்த்தான். அந்த வக்கீலை அவனுக்கே பிடிக்கவில்லை. ஓய்வுநாளில் வேலை செய்யக் கூடாது என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் அவன்தான். வாதாடுவதை விட்டுவிட்டு ஜெபம் பண்ணினான். அதில் பதில் ஏதும் கேட்கவில்லை. நாளைக்குச் செய்யப் போவதை முன்கூட்டியே சொல்லி வைத்தான்.

விடியும்போதே எழுந்தான். தபால்காரன் எழுவதை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. ஆலயத்துக்குப் போகும் கறுப்பு உடையும் காலணியும் போட்டுக்கொண்டான். திரும்பி வந்து மாற்ற நேரமிராது.

மைதானத்தில் ஒரு குருவிகூட இல்லை. கருவிக் கொட்டகையின் சாவி கவிழ்த்த வாளிக்கு அடியில் இருக்கும், ஊருக்கே தெரியும். சுண்ணாம்புத் தூளைக் கரைத்து, கோடு போடும் தள்ளுவண்டியில் ஊற்றினான். முளைக்குச்சியில் சுற்றிய கயிறு ஒன்று சுவரில் தொங்கியது. அதில் அங்கங்கே முடிச்சு. எடுத்துப் பார்த்த பிறகுதான் விளங்கிற்று. பத்து கெஜத்துக்கு ஒரு முடிச்சு, பன்னிரண்டுக்கு ஒன்று, பதினெட்டுக்கு ஒன்று. செல்வினின் அளவுகோல் அவ்வளவுதான்.

இத்தனை வருஷம் இந்தக் கோடுகளுக்குள் ஓடியிருக்கிறான், ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. நேர்க்கோடு போடுவது இத்தனை கஷ்டம் என்று தெரியாது. தூரத்துக் கொடிக்கம்பத்தைப் பார்த்துத் தள்ளினால் நேராக வருகிறது, சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் உடனே கோணுகிறது. முதல் பக்கக் கோட்டில் ஓரிடம் பாம்பு மாதிரி நெளிந்துவிட்டது. ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி போட்டான். கடைசியாக நடுவட்டம். நடுப்புள்ளியில் முளையை அடித்து, பத்து கெஜ முடிச்சைப் பிடித்துக்கொண்டு, கயிறு தளராமல் சுற்றி வந்தான். அவன் வாழ்க்கையின் பாதி இந்த வட்டத்துக்குள் போயிருந்தது. அதற்கு முன் செல்வினின் வாழ்க்கையில் பாதி.

வண்டியைக் கழுவினான். சக்கரம் மேலே இருக்கும்படி, அவர் வைக்கிற மாதிரியே கவிழ்த்து வைத்தான். கயிற்றைச் சுற்றி ஆணியில் மாட்டினான். கொட்டகையைப் பூட்டிச் சாவியை வாளிக்கு அடியில் வைத்தான். மணி ஒன்பதே கால் ஆகியிருந்தது. வேலியிடுக்கில் பார்த்தால், மேட்டுத் தெருவில் ஒரு தடியும், அதைப் பிடித்தபடி ஒரு ஆளும், அந்த ஆளைப் பிடித்தபடி நெஸ்டாவும் அங்குலம் அங்குலமாக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். மெய்ரியன் பின்பக்க வாசல் வழியாக வெளியேறினான். கோடுகளைப் பார்க்கும்போது செல்வினின் முகம் எப்படி ஆகும் என்று பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. அவன் நிற்கவில்லை.

ஆலயத்தை அடைந்தபோது உள்ளே முதல் பாட்டு எழும்பிவிட்டது. அடிக்குரல்காரர்கள் கீழே பிடித்துக்கொள்ள, பெண்களின் குரல் மேலே ஏறிக்கொண்டிருந்தது. படியில் கால் வைக்கும்போதுதான் கறுப்புக் காலணியின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு பட்டை தெரிந்தது. தகப்பனின் கால்சட்டை நினைவுக்கு வந்தது. அவர் அதை மறைக்கவில்லை. ஆனால் இது மறைக்க வேண்டிய ஈரம். பலகையில் உட்கார்ந்தால் முதல் வரிசையே பார்க்கும், மத்தியானத்துக்குள் ஊர் கணக்குப் போட்டுவிடும்.

ஆலயச் சுவரை ஒட்டி, மழையில் குளித்த புல் கணுக்கால் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. குனிந்து ஒரு பிடி பிடுங்கினான். வெள்ளை போகும்வரை காலணியை நிதானமாகத் துடைத்தான். பிறகு அந்தப் புல்லைச் சுவரோரம் வைத்துவிட்டு, பாட்டின் இரண்டாம் அடிக்குள் உள்ளே போனான்.